மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ் நூல்கள்: காக்க வேண்டிய ஒரு சேமிப்பு

தருமபுரி மாவட்டத்தில் பழைய வீடு ஒன்றை இடித்துப் புதுப்பிக்கும்போது, பரண்மேல் கிடந்த காகிதக் கட்டுகள் முதலில் வாயிலுக்கு வருகின்றன. பழைய பேப்பர் வியாபாரியின் தராசு அடுத்து வருகின்றது. அக்கட்டுகளில் பஞ்சாங்கமும் பள்ளிப் புத்தகமும் இருப்பது இயல்பு. ஆயின், கனத்த அட்டையும் உறுதியான தையலும் வாய்ந்த சில தமிழ் நூல்களும் அவற்றிடையே இருப்பதுண்டு. உள்ளே புரட்டினால் மாஸ்கோ நகரின் பெயர் காணப்படும். வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள் நிறைந்த ‘சோவியத் நாடு’ சஞ்சிகையின் இதழ்களும் சிலவேளை கிடைக்கும்.

இவற்றை விலைக்குப் போட்டால் கிடைப்பது சில ரூபாய்கள் மாத்திரமே. இழப்பதோ நம் பெற்றோரும் பாட்டனாரும் வாசித்து, நம்பி, வாதித்த ஒரு காலத்தின் சான்று. சோவியத் யூனியன் 1991 டிசம்பரில் மறைந்தது. அந்நாட்டு நூல்கள் தமிழில் அச்சாகி வருவதும் அத்துடன் நின்றது. இனி இருப்பவையே இருப்பு. புதிதாக எதுவும் சேரப் போவதில்லை. ஆதலின் இவற்றைச் சேகரித்துக் காப்பதைப் பற்றி நம் அங்கத்தினர்கள் சிறிது சிந்திக்க வேண்டும்.

வந்த வரலாறு

1931 ஆம் ஆண்டில் மாஸ்கோவில் ஒரு பதிப்பகம் தோன்றியது. ‘சோவியத் யூனியனிலுள்ள வெளிநாட்டுத் தொழிலாளரின் கூட்டுறவுப் பதிப்புச் சங்கம்’ என்பது அதன் பெயர். கூட்டுறவு என்னும் நம்முடைய சொல்லே அப்பெயரில் இடம்பெற்றிருந்தது நம் அங்கத்தினர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். 1930 களின் இறுதியில் அப்பெயர் நீங்கி, அந்நிய மொழிப் பதிப்பகம் என்றாயிற்று. 1963 இல் முன்னேற்றப் பதிப்பகம் என்ற பெயர் பெற்றது. விஞ்ஞான நூல்களை மீர் பதிப்பகம் வெளியிட்டது. 1982 இல் கதை இலக்கியங்களுக்கென ராதுகா பதிப்பகம் தனியாகப் பிரிந்தது.

தமிழ் நூல்களை ஆக்குவதற்குத் தமிழறிஞர்களே மாஸ்கோ சென்று தங்கிப் பணிபுரிந்தனர். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் முதலியோரின் பெயர்களை அந்நூல்களின் முகப்பில் இன்றும் காணலாம். பனி பெய்யும் நகரில் அமர்ந்து, டால்ஸ்டாயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் தமிழாக்கிய அவர்களின் உழைப்பு சாமானியமானதன்று. சென்னையில் 1951 இல் தொடங்கப்பெற்ற நியூ செஞ்சுரி புத்தக நிலையம் இந்நூல்களைத் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தது. அக்காலத்தில் மற்ற நூல்களுக்கு இல்லாத மலிவு இவற்றுக்கு இருந்தது. அச்சுச் செலவின் பெரும்பகுதியை அயல்நாட்டு அரசு ஒன்று ஏற்றுக்கொண்டதே அம்மலிவின் காரணம். தன் கொள்கையையும் தன் நாட்டையும் நம் மக்கள் நல்லெண்ணத்தோடு காண வேண்டும் என்பதே அவ்வரசின் நோக்கம். பிரசாரம் என்று இதனையே கூறுகிறோம்.

‘சோவியத் நாடு’ சஞ்சிகையைப் புது டில்லியிலிருந்த சோவியத் தூதரகம் பல இந்திய மொழிகளில் வெளியிட்டது. சொற்பச் சந்தாவில் அது தபாலில் வீடு தேடி வந்தது. அதன் வழவழப்பான தாள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட மிகவும் ஏற்றதாயிருந்தது. கணக்குப் புத்தகத்தின் மேல் விண்வெளி வீரர் யூரி ககாரின் புன்னகை புரிந்த காலம் அது. கட்டுரைகளைப் படியாத சிறுவர்களும் படங்களைப் பார்த்தே வளர்ந்தனர். நம் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2 இல் தனி மாவட்டமான காலத்தில் இச்சஞ்சிகைகளின் செல்வாக்கு ஓங்கியிருந்தது.

நெசவாளருக்குரிய இரு செய்திகள்

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. தமிழிலிருந்தும் ஒரு நூல் அத்திசை நோக்கிச் சென்றது; அது நெசவாளரைப் பற்றியது என்பது நமக்குப் பெருமை. 1950 களின் தொடக்கத்தில் நூல் கிடைக்காமலும் நெய்த துணி விலைபோகாமலும் கைத்தறியாளர் பட்ட துயரை, தொ. மு. சி. ரகுநாதன் ‘பஞ்சும் பசியும்’ என்ற நாவலாக 1953 இல் வெளியிட்டார். அதனைத் தமிழறிஞர் கமில் சுவலபில் செக் மொழியில் பெயர்த்தார். செக்கோஸ்லோவாகியாவும் அப்போது கம்யூனிஸ்டு ஆட்சியிலிருந்த நாடே. அந்நாட்டு வாசகர்கள் நம் தறிக்குழியின் துன்பத்தைத் தம் மொழியில் வாசித்தனர். மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழுக்குத் தந்தவரும் இதே ரகுநாதனே.

இரண்டாவது செய்தி துணியின்மேல் அச்சிட்ட பிரசாரத்தைப் பற்றியது. 1923, 1924 ஆம் ஆண்டுகளில் லியுபோவ் பப்போவா, வர்வாரா ஸ்தெபானவா என்னும் இரு பெண் ஓவியர்கள் மாஸ்கோவிலுள்ள துணி அச்சு ஆலையொன்றில் பணிபுரிந்து, வட்டமும் கோடும் கொண்ட புதிய சித்திரங்களை வகுத்தனர். 1920 களின் இறுதியில் மற்ற ஓவியர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். பூவும் கொடியும் பழைய உலகின் சின்னங்கள் என்று ஒதுக்கினர். டிராக்டர், விமானம், பற்சக்கரம், மின்விளக்கு ஆகியவற்றைச் சீட்டித் துணிமேல் அச்சிட்டனர். நெசவுக்குப் பேர்போன இவானவா நகர ஆலைகளில் இத்தகைய துணிகள் மிகுதியாக உற்பத்தியாயின. 1933 இல் ‘பிராவ்தா’ பத்திரிகையே இதனை எள்ளி நகையாடி ஒரு கட்டுரை வெளியிட்டது. முன்புறம் டிராக்டரும் பின்புறம் அறுவடை இயந்திரமுமாக ஆடை அணிந்து நடப்பது எங்ஙனம் என்பதே அதன் கேள்வி. அத்துடன் அவ்வகைத் துணி நின்றது.

நம் நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. முந்தானையில் மாங்காயும் அன்னமும் வேண்டுவோரிடம் பற்சக்கரத்தைக் கொண்டு நீட்டினால் சேலை தேங்கும் என்பது தறியில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அன்று வேண்டாதனவாகப் போன அத்துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் பாதுகாக்கப்படுகின்றன. காலம் ஒரு பொருளின் மதிப்பை எவ்வாறு மாற்றுகின்றது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமோ?

படம் காட்டியதும் காட்டாததும்

இனி, விவசாயிகளான அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருவோம். அச்சஞ்சிகைகளில் அடிக்கடி இடம்பெற்றவை கூட்டுப் பண்ணைப் படங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல். அதன் நடுவே வரிசையாக இயந்திரங்கள். தலையில் துணி கட்டிய பெண்கள் சிரித்த முகத்துடன் நிற்பார்கள். மழையை நம்பி மேட்டு நிலத்தில் கேழ்வரகும் சாமையும் விதைத்த நம் பக்கத்து விவசாயிக்கு அப்படங்கள் கனவுபோல் தோன்றியதில் வியப்பில்லை. இதுவும் கூட்டுறவுதானே, நாமும் இவ்வாறு செய்யலாகாதோ என்று பலர் எண்ணினர்.

1923 ஜனவரியில் லெனின் கூட்டுறவைப் பற்றி ஒரு கட்டுரை சொல்லி எழுதுவித்தார். விவசாயிகளைக் கூட்டுறவுக்குள் கொணர்வது பொறுமையாகவும் கல்வியின் வாயிலாகவும் நடைபெற வேண்டிய நெடுங்காலப் பணி என்பது அதன் சாரம். அவர் 1924 இல் காலமானார். 1929 இன் இறுதியில் தொடங்கிய கூட்டுப் பண்ணை இயக்கமோ பொறுமையை முற்றிலும் கைவிட்டது. நிலமும் கால்நடையும் வற்புறுத்திப் பறிக்கப்பட்டன. எதிர்த்தோர் குடும்பத்தோடு தொலைதூரங்களுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1930 மார்ச்சு 2 இல் ஸ்டாலின், உள்ளூர் அதிகாரிகள் வரம்பு மீறிவிட்டனர் என்று பத்திரிகையில் எழுதினார். கட்டாயம் சற்றே தளர்ந்தது. உடனே நிகழ்ந்தது யாது? அவ்வாண்டின் தொடக்கத்தில் நாட்டின் விவசாயக் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை கூட்டுப் பண்ணைகளில் இருந்தன. சில மாதங்களில் அது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கதவு திறந்தவுடன் மக்கள் வெளியேறினர். கதவு மீண்டும் மூடப்பட்டது.

அதன்பின் 1932, 1933 ஆம் ஆண்டுகளில் உக்ரைன், கஸாக்ஸ்தான், வால்கா ஆற்றுப் பகுதி முதலிய இடங்களில் பெரும் பஞ்சம் நேர்ந்தது. ஐம்பது இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. தானியம் விளைந்த நிலத்திலேயே விளைவித்தவர்கள் பட்டினியால் மடிந்தனர். நகரவாசிகளுக்கு வழங்கப்பட்ட உள்நாட்டுப் பயண அனுமதிச் சீட்டு கூட்டுப் பண்ணை விவசாயிகளிற் பெரும்பாலோருக்கு 1932 முதல் மறுக்கப்பட்டது. அதனை எல்லோருக்கும் வழங்குவதென்ற முடிவு 1974 இல்தான் எடுக்கப்பட்டது. 1960 களில் தருமபுரிக்கு வந்த சஞ்சிகையில் சிரித்த முகத்துடன் நின்ற விவசாயி, தன் விருப்பப்படி பண்ணையை விட்டு நகரில் குடியேற உரிமையற்றவராகவே பெரும்பாலும் இருந்தார். படம் பொய்யன்று, அவர் சிரித்திருக்கலாம். படத்துக்கு வெளியே இருந்ததைத்தான் சஞ்சிகை சொல்லவில்லை.

அச்சுக்கலையில் சிறந்த பிரசுரங்களிலும் இக்குறை உண்டு. 1930 இல் தொடங்கிய ‘கட்டுமானத்தில் சோவியத் யூனியன்’ என்னும் பெரிய படச் சஞ்சிகையை உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்குகின்றனர். அதன் 1933 ஆம் ஆண்டு இதழொன்று வெண்கடல் கால்வாயைப் பற்றியது. படங்களை எடுத்து அமைத்தவர் புகழ்பெற்ற ரோத்சென்கோ. அக்கால்வாயை வெட்டியவர்கள் கைதிகள். அவர்களில் பல்லாயிரவர் அங்கேயே இறந்தனர். அதே கால்வாயைப் புகழ்ந்து 1934 இல் வெளியான கூட்டு நூலின் பதிப்பாசிரியர்களுள் ‘தாய்’ எழுதிய கார்க்கியும் ஒருவர். இதனை அறிந்தபின் ‘தாய்’ நாவலைத் தூக்கி எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே அலமாரியில் அருகருகே வைக்க வேண்டும் என்கிறோம்.

உண்மையுரைத்த நூல்களும் அதே கட்டுகளில் வந்தன. கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘குல்சாரி’ தமிழில் வந்த நூலே. கூட்டுப் பண்ணையில் ஆடு மேய்க்கும் தனபாய் என்பவர், ஒழுகும் கொட்டகையில், தீவனமின்றி, குட்டிகள் கண்முன்னே சாவதைக் கண்டு கொதித்து, மேலதிகாரியை எதிர்த்த குற்றத்துக்காகக் கட்சியிலிருந்து நீக்கப்படுவதை அக்கதை கூறுகின்றது. வண்ணச் சஞ்சிகை சொல்லாததை நாவல் சொல்லிற்று. அனைத்தும் பொய் என்று ஒதுக்குபவரும், அனைத்தும் மெய் என்று போற்றுபவரும் ஒருங்கே தவறுவது இவ்விடத்தில்தான்.

மறுப்புக் குறிப்பு என்னும் மரபு

நம் நாட்டிலும் இக்கேள்வி எழாமலில்லை. சீனாவின் விவசாயக் கூட்டுறவுகளைக் கண்டுவர இந்திய அரசு 1956 இல் ஒரு குழுவை அனுப்பியது. குழுவின் அறிக்கை கூட்டுப் பண்ணை முறையை ஆதரித்தது. உறுப்பினர் இருவர் உடன்படவில்லை. அவர்கள் தம் மறுப்பைத் தனிக் குறிப்பாக எழுத, அதுவும் அறிக்கையோடு அச்சிடப்பட்டது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரசு மாநாடு கூட்டுறவுக் கூட்டுச் சாகுபடியை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ராஜாஜி அதனைக் கடுமையாக எதிர்த்தார். அவ்வாண்டே சுதந்திராக் கட்சி தோன்றியது. விவாதம் வெளிப்படையாக நடந்தது. நிலத்தை ஒன்றாக்கும் கட்டாயம் நம் விவசாயிகள்மேல் சுமத்தப்படவில்லை.

நம் மாவட்டத்தில் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்தன. கரும்பு விளைவிப்போர் பங்கு செலுத்தி அங்கத்தினராயினர். நிலமோ அவரவர் பெயரிலேயே இருந்தது. ஆலைகளின் குறைகளைப் பொதுக்குழுவில் எழுந்து சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. தானாக விரும்பிச் சேர்வதும், வேண்டாவிடில் விலகுவதும், கூடியிருக்கும்போதே மறுத்துரைப்பதும் கூட்டுறவின் உயிர். 1844 இல் ராச்டேல் நெசவாளர் முதலியோர் தொடங்கிய சங்கம் முதல் இன்றைய நம் சங்கம் வரை இவ்விதி ஒன்றே.

பிரசாரப் பிரசுரம் ஒன்றை அடையாளம் காண்பதற்கும் இவ்விதியே உரைகல். அதில் மறுப்புக் குறிப்பு இராது. எவ்வளவு அழகிய அச்சாயினும், எவ்வளவு உயர்ந்த நோக்கமாயினும், எதிர்ச்சொல் ஒன்றேனும் இல்லாத பக்கத்தைக் கண்டால் கூட்டுறவாளர் சற்று நிதானிக்க வேண்டும். அந்த மறுப்புக் குறிப்பைப் பின்னால் எழுதிச் சேர்ப்பது, சேகரித்து வைப்போரின் கடமை. காகிதத்தை எரித்துவிட்டாலோ எதனை மறுக்கிறோம் என்பதே வரும் தலைமுறைக்கு விளங்காமற் போகும்.

பிறநாடுகளில் இதனை உணர்ந்தே காத்து வருகின்றனர். ஆம்ஸ்டர்டாமில் 1935 இல் நிறுவப்பட்ட சர்வதேசச் சமூக வரலாற்று நிலையம் இத்தகைய துண்டுப் பிரசுரங்களையும் சுவரொட்டிகளையும் பெருந்தொகையாகப் பாதுகாக்கின்றது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் 1989 க்குப் பின் குப்பையில் எறியப்பட்டவற்றைத் திரட்டுவதற்கென்றே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 2002 இல் வெண்டே அருங்காட்சியகம் தோன்றியது. தமிழகத்திலோ, கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் நோட்டீசுகளும் இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. பிறர் குப்பையென்று தள்ளியதை அவர் சேர்த்தார். இன்று உலக அறிஞர்கள் அவற்றைத் தேடி வருகின்றனர்.

சேகரிக்கும் முறை

சங்கக் கட்டடத்தில் ஓர் இரும்பு அலமாரியும், பொறுப்பேற்க ஓர் அங்கத்தினரும் இருந்தால் இப்பணியைத் தொடங்கிவிடலாம். பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

முதலாவது, பதிவு. நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு, விலை ஆகியவற்றை ஒரு பேரேட்டில் குறிக்கவும். கடையின் முத்திரை, உடைமையாளரின் கையொப்பம், ஓரத்தில் வாசகர் எழுதிய குறிப்பு ஆகியவற்றை அழிக்க வேண்டா. அவையே இந்நூல் நம் ஊருக்கு வந்த வழியைக் காட்டுவன. எந்த ஊரில், எவ்வகை இல்லத்தில், எப்போது கிடைத்தது என்பதையும் எழுதுக. நூலின்மேல் எண்ணிடுவதாயின் பென்சிலால் மட்டும் இடுக.

இரண்டாவது, காப்பு. சஞ்சிகைகளின் நடுவே உள்ள இரும்புக் கம்பி துருவேறித் தாளை அரிக்கும். அதனை மெல்ல நீக்கி, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துத் தைக்கலாம். நெசவாளர் கைக்கு இஃது எளிய வேலை. கிழிந்த இடத்தில் ஒட்டு நாடாவை ஒட்டலாகாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தை மறைக்கும். பிளாஸ்டிக் உறையால் நிரந்தரமாக மூடி அழுத்துவதும் தீது. கிழிந்த தாளை வேறொரு சுத்தமான தாளுறையில் இட்டு வைப்பதே போதுமானது.

மூன்றாவது, பூச்சி. இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் ஈரமே துணை. அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். நன்கு உலர்ந்த வேப்பிலை, நொச்சியிலை, வசம்பு ஆகியவற்றைத் துணியில் முடிந்து வைக்கலாம். பச்சை இலை பூசணத்தை வரவழைக்கும். வெயிலில் நூலைக் காயப் போட வேண்டா. நிழலில் காற்றாட விரித்து வைத்தல் போதும்.

நான்காவது, படியெடுத்தல். கைபேசியால் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்துப் பத்திரப்படுத்தலாம். ஆயின் படம் எடுத்தாயிற்று என்று மூல நூலைக் கைவிடுதல் கூடாது. தாளின் தரமும், தையலும், மையும் படத்தில் வாரா.

ஐந்தாவது, நாம் மேலே சொன்ன மறுப்புக் குறிப்பு. கூட்டுப் பண்ணையைப் புகழும் இதழ் கிடைத்தால், அப்பண்ணைகளின் உண்மை வரலாற்றை அரைப் பக்கத்தில் எழுதி உறைக்குள் வைக்கவும். அவ்விதழை அன்று வாசித்த முதியோர் ஊரில் இருந்தால், அவர்கள் அப்போது என்ன நினைத்தனர், பின்னர் என்ன நினைக்கின்றனர் என்பதைக் கேட்டு எழுதிச் சேர்க்கவும். நூல் எரிந்தாலும் வேறோர் ஊரில் ஒரு படி கிடைக்கக்கூடும். அந்த முதியோரின் சொல்லுக்கு மறுபடி கிடையாது. ஆகவே இதனையே முதலில் செய்தல் நன்று.

நம் ஏடுகளும் அவ்வலமாரியில்

இறுதியாக ஒன்று. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாட்களைக் கழித்து, 1925 இல் மறைந்தது நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில். ‘ஞானபானு’ என்ற பத்திரிகையை நடத்தியவர் அவர். அச்செழுத்தின் வலிமையை அறிந்த மண் இது. அன்னியர் அச்சிட்டு அனுப்பியதைக் காக்கும் அதே வேளையில், நம் சங்கங்களின் ஆண்டறிக்கைகளையும் தீர்மானப் புத்தகங்களையும் அந்த அலமாரியிலேயே வைக்க வேண்டும். ஏனெனில், சங்கம் வளர்கிறது, அங்கத்தினர் மகிழ்கின்றனர் என்று நாமும் படம் போட்டு எழுதுகிறோம். பட்டுவாடா தாமதமானதையும், நூல் வரவில்லை என்று தறி நின்றதையும் எத்தனை அறிக்கைகளில் எழுதினோம்? ஐம்பது ஆண்டுகள் கழித்து நம் ஏடுகளைப் புரட்டுவோரும் அங்கே மறுப்புக் குறிப்பைத் தேடுவர்.

எனவே, அடுத்த முறை பழைய பேப்பர் வியாபாரி வாயிலில் நிற்கும்போது, கட்டை அவிழ்த்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தராசில் வைக்குமாறு அங்கத்தினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.